ஒற்றைக் கண்ணோடு ஆடிய ஃபிராங்க் மெக்கீ

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் ஒட்டாவா நகரத்து ஐஸ் ஹாக்கி வீரர் ஃபிராங்க் மெக்கீயைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் 1905 ஜனவரி 16-ஆம் நாளில்தான் தொடங்குவார்கள். ஐஸ் ஹாக்கியின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான அன்றைய ஆட்டத்தில் அவர் தனியொருவராக 14 கோல்கள் அடித்தார். அவற்றுள் எட்டு கோல்கள் ஒன்பது நிமிடங்களுக்குள் தொடர்ச்சியாக விழுந்தவை. அந்த 14 கோல் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. ஆனால் 23-2 என்று தோற்ற டாசன் சிட்டி அணியினர், வடமேற்கே யூகான் பகுதியிலிருந்து உறைபனியில் நடந்தும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும், பிறகு கப்பலிலும் ரயிலிலுமாக 6,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் வந்து சேர்ந்தவர்கள். களைத்துப்போன அணிக்கு எதிராக அடித்த கோல்களைவிட, அவருடைய வேறோர் ஆட்டமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1882-இல் பிறந்த மெக்கீ, 1900-இல் நிதி திரட்டுவதற்காக நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். தலைக்கவசமோ முகக்கவசமோ இல்லாத காலம் அது. எஞ்சிய கண்ணுக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆபத்து இருந்தது. அப்படியிருந்தும் 1903-இல் ஒட்டாவா அணியில் சேர்ந்தார். பகலில் அரசு அலுவலகப் பணி, மாலையில் ஆட்டம் என்று வாழ்ந்த அமெச்சூர் வீரர் அவர்.

நான் குறிப்பிட விரும்பும் ஆட்டம் அதே 1905 மார்ச்சில் நடந்தது. ராட் போர்ட்டேஜ் திஸ்டில்ஸ் என்னும் வேகமான அணி, மெக்கீ களமிறங்காத முதல் ஆட்டத்தில் ஒட்டாவாவை 9-3 என்று வீழ்த்தியது. மணிக்கட்டுக் காயத்தோடு அவர் திரும்பியபின் இரண்டாவது ஆட்டம் ஒட்டாவாவுக்குக் கிடைத்தது. கோப்பையைத் தீர்மானித்த மூன்றாவது ஆட்டத்தில் 5-4 என்ற வெற்றியைத் தந்த கோலும் அவருடையதே. சளைக்காத எதிரியின் முன், அவரின்றி அந்த அணி எவ்வளவு தடுமாறியது என்பதை இந்தத் தொடர் காட்டிவிடுகிறது.

1906-இல், 23 வயதிலேயே, ஆட்டத்திலிருந்து விலகினார். முதல் உலகப் போர் மூண்டதும், பார்வைக் குறையையும் மீறிப் படையில் சேர்ந்து அதிகாரியானார். முழங்காலில் காயம்பட்டுத் தேறியவர் மீண்டும் போர்முனைக்குச் சென்று, 1916 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் உயிரிழந்தார். 1945-இல் ஹாக்கிப் புகழ் மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களுள் அவரும் ஒருவர்.