சதுக்கத்தில் முதலில் போட வேண்டியது நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

சந்திப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. நாலு சாலை கூடும் இடமும் சந்திப்புதான், இரண்டு பேர் நின்று பேசிக்கொள்வதும் சந்திப்புதான். ஆனால் வண்டிகள் நிறைந்த ஒரு சதுக்கத்தில் போய் நின்று பாருங்கள், முதல் அர்த்தம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். நடுவில் ஒரு ரவுண்டானா. அதில் யாரும் கால் வைக்க முடியாத புல்தரை, சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே ஒரு சிலை இருந்தால், அதன் முகத்தை அருகில் போய்ப் பார்த்தவர் அநேகமாக அதற்குப் பெயின்ட் அடித்தவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நகர வடிவமைப்பு என் தொழில். இப்படிப்பட்ட சதுக்கத்தை மறுபடி ஆட்கள் கையில் எப்படிக் கொடுப்பது என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

வழக்கமாக இந்த வேலை கல்லில் தொடங்கும். தரைக்கு என்ன நிறக் கிரானைட், எந்த மாதிரி விளக்குக் கம்பம், நீரூற்று வைக்கலாமா வேண்டாமா. நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆரம்ப காலத்தில் ஒரு சின்னச் சதுக்கத்துக்கு நான் வரைந்த பெஞ்சுகள் எல்லாம் மரங்களைப் பார்த்தபடி இருந்தன, நடைபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அமைதியாக உட்காரட்டுமே என்ற நல்லெண்ணம். திறந்த பிறகு போய்ப் பார்த்தால் பெஞ்சுகள் காலி. எதிரே செடித்தொட்டியின் ஒரு சாண் அகல விளிம்பில் வரிசையாக ஆட்கள், நடைபாதையைப் பார்த்துக்கொண்டு. மனிதர்களுக்கு வேடிக்கை பார்க்க மனிதர்கள் வேண்டும் என்பது எனக்குப் படிப்பில் ஏறவில்லை, அந்தத் தொட்டியில்தான் புரிந்தது.

இதை எனக்கு முன்பே ஒருவர் எண்ணிப் பார்த்து நிரூபித்திருந்தார். வில்லியம் ஒயிட் என்பவர் 1970களில் நியூயார்க் நகரத்தின் திறந்தவெளிகளில் கேமராவை வைத்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று படம்பிடித்துக்கொண்டே இருந்தார். சில இடங்கள் நிரம்பி வழிந்தன, பக்கத்திலேயே சில வெறிச்சோடிக் கிடந்தன. வெயிலா காரணம், வடிவமா, பரப்பளவா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவர் கண்டது, உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது. இதற்கு ஆராய்ச்சியா என்று சிரிப்பு வரும். ஆனால் 1975-ல் நியூயார்க் தன் கட்டட விதியையே மாற்றி, இத்தகைய திறந்தவெளிகளில் இருக்கை கட்டாயம் என்று எழுத வேண்டியிருந்தது.

அவர் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி இருந்தால், உட்காரும் முன் ஆள் அதைக் கொஞ்சம் நகர்த்துகிறார். வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. சில சமயம் நகர்த்திய நாற்காலி பழைய இடத்துக்கே வந்து சேரும். ஆனாலும் அதற்கு அப்புறம்தான் உட்காருவார். இந்த இடம் என்னுடையது, நானே தேர்ந்தெடுத்தது என்று அவர் சொல்லிக்கொள்கிற விதம் அது. தரையோடு சேர்த்துக் கட்டிய கல் பெஞ்சில் இது நடக்காது.

சரி, நாற்காலியைப் போட இடம் வேண்டுமே, வண்டிகளை என்ன செய்வது?

நியூயார்க் நகரத்தின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-க்கு முன் வந்துபோனவர்களில் பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். தரையில் பெரும்பகுதியோ வண்டிகளுக்கு. அந்த ஆண்டு மே மாதம் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை மூடினார்கள், சோதனையாக. கல் பதிக்கவில்லை. நடுச்சாலையில் சில நூறு மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஊரே சாலை மூடியதை விட்டுவிட்டு, நாற்காலி அழகாக இல்லை என்று விவாதித்தது. போக்குவரத்து ஆணையர் ஜேனட் சாதிக்-கான் இதைவிட நல்ல எதிர்ப்பைக் கேட்டிருக்க முடியாது. அங்கே நடப்பவர்கள் அடிபடுவது 35 சதவீதம் குறைந்ததாக நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. 2010-ல் நிரந்தரம் என்று அறிவித்தார்கள். கல் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். தவறு செய்வதானால் பெயின்ட்டிலும் பிளாஸ்டிக்கிலும் செய்யலாம், கிரானைட்டில் செய்தால் முப்பது ஆண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூடிய சாலையின் வண்டிகள் எல்லாம் அடுத்த தெருவை அடைத்துவிடும் என்பது எல்லா ஊர்க் கூட்டத்திலும் எழும் பயம். நியாயமான பயம்தான். தண்ணீரை ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் வழியத்தானே செய்யும்? ஆனால் வண்டி ஓட்டுகிறவர் தண்ணீர் இல்லை, யோசிக்கிற ஆள். வேறு நேரத்தில் போவார், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிப்பார், பேருந்தில் ஏறுவார், நடப்பார். போக்குவரத்து ஆய்வாளர் சாலி கெய்ர்ன்ஸும் சகாக்களும் 11 நாடுகளில் இப்படி வண்டிகளுக்கான இடம் குறைக்கப்பட்ட 70 இடங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். அவற்றில் பாதி இடங்களில், முன்பு அங்கே ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கு மேல் சுற்றுத் தெருக்களில் எங்கேயும் தென்படவில்லை. மீதிப் பாதியில் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேருந்தும் ஆம்புலன்ஸும் சரக்கு வண்டியும் எந்த வழி, எந்த நேரம் என்று முதலிலேயே முடிவு செய்யாமல் சாலையை மூடினால் பயந்தவர்கள் சொன்னதுதான் நடக்கும்.

அப்புறம் கடைக்காரர்கள். 1962 நவம்பரில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் தன் முக்கியக் கடைத்தெருவான ஸ்ட்ரோயட்டை மூடியபோது, தெருவில் உலாவுவது இத்தாலியர்கள் பழக்கம், இந்தக் குளிரில் டேனிஷ்காரன் எவன் வெளியே உட்காருவான் என்றார்கள். இன்று அந்தத் தெரு ஆட்களால் நிறைந்திருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டலில் 2006-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கடை வாசலில் நிற்கிற கார் கண்ணில் படுகிறது, நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்று யார் பார்த்தார்கள்? அதனால் கூட்டம் போட்டு வாதாடுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணுங்கள். வண்டிகளை மட்டும் எண்ணும் பழக்கத்தை விட்டு, நடப்பவர், நிற்பவர், உட்காருபவர் எல்லோரையும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நடைபாதை, சாலை என்ற மேடு பள்ளமே இல்லாமல், சிக்னலும் இல்லாமல், எல்லோரும் கண்ணால் பார்த்து விட்டுக்கொடுத்துப் போகட்டும் என்று ஒரு பாணி வந்தது. நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன் அதன் முன்னோடி. அழகான எண்ணம். ஆனால் கண்ணால் பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? வழிகாட்டி நாய்க்கும் கைத்தடிக்கும் நடைபாதையின் ஓரம்தான் எல்லைக் கோடு, அதையே எடுத்துவிட்டோம். பார்வையற்றோர் எதிர்ப்புக்குப் பிறகு 2018-ல் பிரிட்டிஷ் அரசு இத்தகைய சமதளத் திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. என் பார்வையில், வண்டி கொஞ்சமாவது போகிற இடத்தில் தடவி அறியக்கூடிய ஓரம் இருந்தே ஆக வேண்டும். வடிவமைப்பாளரின் ரசனைக்கு அங்கே இடமில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 25 மீட்டருக்குள் வந்தால்தான் எதிரே வருபவரின் முகபாவம் நமக்குத் தெளிவாகத் தெரியும். அதைவிடப் பல மடங்கு பெரிய வெற்றுத்தரை, ஆயிரம் பேர் வந்தாலும் காலியாகவே தெரியும். பெரிய சதுக்கம் கிடைத்துவிட்டால் அதைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க மரமோ படியோ வேண்டும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் வடபக்கச் சாலையை 2003-ல் மூடி அங்கே அகலப் படிகள் கட்டினார்கள். ஏறி இறங்கக் கட்டியவை, இப்போது இருக்கைகளாகவும் ஆகிவிட்டன.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் தவறாமல் ஒருவர் எழுந்து கேட்பார், நாற்காலி திருட்டுப் போகாதா என்று. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1992-ல் மறுபடி திறக்கப்பட்டதிலிருந்து அங்கே சங்கிலி போடாத நாற்காலிகள்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். சில போகத்தான் செய்யும். காலையில் எடுத்துப் போட ஒரு ஆள், இரவில் கூட்டிப் பெருக்க ஒரு ஆள், காணாமல் போகிற நாற்காலிக்கு ஒரு தொகை, இந்த மூன்றையும் வருடச் செலவில் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.