சேலத்துக்குச் சிப்பி வரட்டும், ஆனால் எப்படி?

வணக்கம் நேயர்களே. ஏற்காட்டில் ஓட்டல் நடத்தும் நண்பர்கள் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிப்பி இருக்கிறதா என்று விசாரிக்கிறார்களாம், கொச்சிப் பக்கமிருந்து உயிரோடு வரவழைத்து, ஓட்டைத் திறந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே கொடுக்கலாமா என்று. உணவு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிற ஆள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். சிப்பி நம் சந்தைக்கு வரத்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான், துத்தநாகச் சத்து அதற்கு நிகராக வேறு எதிலும் கிடையாது. ஆனால் இப்போதைக்குப் பச்சையாகவும் வேண்டாம், உயிரோடும் வேண்டாம். கரையிலேயே வேகவைத்து, ஓட்டைப் பிரித்து, உறையவைத்த சதையாக வரட்டும்.

நான் சொல்வது முத்துச் சிப்பியை அல்ல, சாப்பிடும் சிப்பியை, கடலோரத்தில் ஆளி என்பார்களே, அதை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே தூத்துக்குடியில் இதை வளர்க்கும் முறையை ஆராயத் தொடங்கிவிட்டது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயல் மாதிரி இடங்களில் இன்றைக்குப் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். பழைய ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் குஞ்சுகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், தீவனம் எதுவும் போடவேண்டியதில்லை, தண்ணீரிலிருக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே வளர்ந்துவிடும்.

சிக்கலும் அந்த வடிகட்டலில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரைச் சிப்பி ஒன்று, சூழல் நன்றாக அமைந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அதிலுள்ள பாக்டீரியாவும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ வைரஸும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் சிப்பிக்குள் சேர்ந்துகொண்டே போகும். 1988-ல் ஷாங்காய் நகரத்தில் சரியாக வேகாத மட்டியைச் சாப்பிட்டு ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஐரோப்பாவில், சாக்கடை கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா 100 கிராம் சதையில் 230-க்கு மேல் இருந்தால் அந்தச் சிப்பியை நேராக விற்க விடமாட்டார்கள், சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் போட்டு அழுக்கைக் கக்கவைக்க வேண்டும். பிரிட்டனில் அதற்கு வழக்கமாக 42 மணி நேரம். அப்படிச் செய்தாலும் ஈ.கோலை போகிற வேகத்தில் வைரஸ் போவதில்லை, விப்ரியோ என்ற கடல் பாக்டீரியாவும் லேசில் விட்டுப் போகாது.

இந்த விப்ரியோதான் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற வில்லன். சாக்கடையே கலக்காத, வெதுவெதுப்பான உப்புநீரிலும் அது இயல்பாகவே இருக்கும். 2002-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் உயிருள்ள சிப்பிகளை 26 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். பத்து மணி நேரத்தில், வயிற்றுப்போக்கைத் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற வகை 50 மடங்கானது, 24 மணி நேரத்தில் 790 மடங்கு. அதே சிப்பியைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்தபோது பெருகவே இல்லை, ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 26 டிகிரி என்பது நமக்குக் குளுகுளு கணக்கு! மே மாதம் சேலத்தில் ராத்திரி பத்து மணிக்குக்கூட அது கிடைக்காது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜூனில் மழை இறங்கினால் காயல் தண்ணீரில் உப்பு குறைந்து சிப்பி செத்துப்போகும் என்பதால் கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலேயே பெரும்பாலும் அறுவடையை முடித்துவிடுவார்கள். ஏற்காட்டில் கோடை விழாவும் அறை கிடைக்காத கூட்டமும் அதே நேரத்தில்தான். ஆக, சரக்கு அதிகம் வருவதும் ஆள் அதிகம் வருவதும் வெயில் உச்சத்தில் இருப்பதும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கொச்சியிலிருந்து சேலம் ஒரு ராத்திரிப் பயணம், நல்ல நாலுவழிச் சாலை, தூரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கரையில் மூட்டை கட்டியபின் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம், இங்கே லோடு இறக்கிவிட்டு மலையேறும் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம், ஓட்டல் பின்வாசலில் யாராவது கையெழுத்துப் போட வரும்வரை வெயிலில் கிடக்கும் நேரம், இவற்றைப் பற்றித்தான் கவலை. விடிகாலையில் எந்த மீன் மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேலே ஐஸ் பளபளவென்று இருக்கும், கையை அடிவரை விட்டால் உருகிய தண்ணீர் தேங்கி, அடியில் கிடப்பது அதில் ஊறிக்கொண்டிருக்கும். உயிருள்ள சிப்பிக்கு அந்த நல்ல தண்ணீரே எமன். மூட்டையாக வந்தாலும் அப்படித்தான், மேல் அடுக்கைத் தொட்டால் சில்லென்றிருக்கும், தெர்மாமீட்டரை நடு மூட்டைக்குள் செருகினால் வேறு கணக்குக் காட்டும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த நடு மூட்டையைத்தான். ஓடு லேசாகத் திறந்திருக்கும் சிப்பியை விரலால் தட்டுங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் நமக்கு முடியாத காரியம் அல்ல. பாலுக்குத் தினமும் இதைத்தானே செய்கிறோம், கறந்த பாலைக் கிராமத்திலேயே 4 டிகிரிக்குக் குளிர்வித்து டேங்கரில் ஏற்றுகிறோம். மீனுக்கு அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் குளிர்சாதன வண்டிக்கும் ஐஸ் பெட்டி வைத்த இருசக்கர வண்டிக்கும்கூட மானியம் இருக்கிறது, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். சேலத்தில் ஒரு பெண்கள் குழு இதை எடுத்துச் செய்யலாம். ஏற்காட்டு ஓட்டல்காரர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி வரவழைக்காமல் ஒன்றாகச் சேர்ந்து வாரம் ஒரு லோடு என்று ஆர்டர் கொடுத்தால்தான் அந்த வண்டியும் கட்டுப்படியாகும்.

பச்சையாக வேண்டாம் என்பதற்கு நம் வீடுகளே காரணம். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு வகை இருக்கிறது, கல்லீரல் பாதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நாளில் உயிரையே எடுத்துவிடும். நம் ஊரில் ஒரு மேசையில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் சர்க்கரை இருக்கிறவர் ஒருவராவது இருப்பார், சில சமயம் அவருக்கே அது தெரியாது. அப்படி ஒரு சம்பவம் நடந்தால் அந்த ஓட்டலோடு நிற்காது, சேலத்தில் சிப்பி வியாபாரமே பல வருஷத்துக்கு எழுந்திருக்காது.

வேகவைப்பதிலும் அரைகுறை கூடாது. வாய் திறந்ததும் இறக்கிவிட்டால் வைரஸ் சாகாது, உள்சதை 90 டிகிரியில் 90 விநாடி இருக்க வேண்டும். உறையவைப்பதால் வைரஸ் சாகாது, பெருகாமல் நிற்பது பாக்டீரியாதான், அதனால் முதலில் வேகவேண்டும், அப்புறம்தான் உறைய வேண்டும். நச்சுப்பாசி பெருகிய நீரில் எடுத்த சிப்பியை எவ்வளவு வேகவைத்தும் பயனில்லை, 1981-ல் நம் தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்ட மட்டியைச் சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே எந்தக் காயலில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதப்படாத பாக்கெட்டை வாங்காதீர்கள். வண்டியில் தட்பவெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள், வழி நெடுக மைனஸ் 18 இருந்ததா என்று இறக்கும்போதே பார்த்துவிடலாம்.

வந்த பாக்கெட்டை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், அடுப்பு மேடையில் வைத்து இளக்க வேண்டாம், இளகியதைத் திரும்ப உறையவைக்கவும் வேண்டாம். அப்புறம் நம் சின்ன வெங்காயமும் ஏற்காட்டு மிளகும் போட்டு வறுத்துக் கொடுங்கள், எலுமிச்சம்பழம் பிழிய வேண்டியது அப்போதுதான். நன்றி, வணக்கம்.