கூடத்துச் சுவருக்கு வெள்ளையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கு ஏற்றது வெள்ளையா, அடர்நீலமா?’ என்ற இன்றைய கேள்விக்கு, வெள்ளையே என்று வாதிட வந்திருக்கிறேன். அடர்நீலம் அழுக்கை மறைக்கும், வீட்டுக்குக் கம்பீரம் தரும் என்றார் எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர். கம்பீரம் அவரவர் கண்ணைப் பொறுத்தது. அழுக்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நம் வீடுகளில் சுவரின் பெரிய எதிரி ஈரம். மழைக்காலம் முடிந்து சுவர் காயும்போது, உள்ளே கரைந்திருந்த உப்பு மேலே வந்து, விரல் பட்டாலே உதிரும் வெண்தூளாகப் பூக்கிறது. வெள்ளைச் சுவரில் அதை அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். நீலச் சுவரிலோ வாசலில் நிற்கும் விருந்தாளிக்கே தெரியும். பளபளப்பில்லாத அடர்நிறப் பூச்சில் நகம் கீறினால் வெளிர்கோடு விழுகிறது. நாற்காலி முதுகு உரசிய இடம் மட்டும் மினுங்குகிறது. சாய்ந்து உட்கார்ந்த தலையின் எண்ணெய்க்கறை வெள்ளையில் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கழுவத்தக்க எமல்ஷன் அடித்த சுவரில், கறை ஊறுவதற்கு முன் சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்பதைப் பெயின்ட் துறையில் 0 முதல் 100 வரையிலான அளவால் குறிப்பார்கள். நல்ல வெள்ளை 80-ஐத் தாண்டும். அடர்நீலம் பெரும்பாலும் 10-ஐக்கூட எட்டாது. பக்கத்துக் கட்டடம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் கூடத்தில் நீலத்தை அடித்தால், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

நீலம் நம் சுவர்களுக்குப் புதிதல்ல என்றும் எதிரணியினர் சொல்லக்கூடும். உண்மைதான்; பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் சிறிது நீலம் கலப்பார்கள். அது எதற்காக? மஞ்சள் சாயலைப் போக்கி, வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்டத்தான்! எதிரணியின் நிறம் அங்கேயும் எங்கள் அணிக்குத்தான் வேலை செய்திருக்கிறது, நடுவர் அவர்களே.

வாடகை வீட்டில் இருப்போர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். வெள்ளைமீது நீலம் அடிப்பது எளிது. நீலத்தை மறைத்து மீண்டும் வெள்ளையாக்க, பிரைமரும் அதன்மேல் கூடுதல் பூச்சுகளும் வேண்டும். காலி செய்யும் நாளில் அந்தச் செலவு முன்பணத்தில்தான் கழியும்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள ஒரு சுவரை மட்டும், அது ஈரம் ஏறாத உள்சுவராக இருந்தால், எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். மற்ற மூன்றையும் நடுவர் அவர்கள் எங்கள் அணிக்கே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.