உடம்புக்குள் கப்பி இருக்கிறதா?

அடுத்த கேள்வி, பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் அனுப்பியது: “உடம்பில் நெம்புகோல் இருக்கிறது என்று படித்தேன். கப்பியும் உண்டா? சக்கரமே இல்லாமல் எப்படி?”

உண்டு. ஆனால் சுற்றும் சக்கரம் எங்கேயும் கிடையாது. கிணற்றுக் கப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றைக் கீழே இழுக்கிறோம், வாளி மேலே வருகிறது. இழுக்கிற திசை மாறுகிறது, அவ்வளவுதான். அதற்குக் கயிறு சிக்காமல் வழுக்கிப் போனால் போதும். உடம்பில் கயிறு என்பது தசைநாண், அதாவது தசையின் நுனியிலிருந்து நீளும் உறுதியான நார். அது திரும்புகிற இடத்தில் ஓர் உறை, உறைக்குள் கொஞ்சம் வழவழப்பான திரவம்.

அசல் கப்பி என்றால் அது கண்ணில் இருப்பதுதான். கண்குழியின் பின்னால் தொடங்கும் ஒரு தசை, மூக்கை ஒட்டிய மேல் மூலை வரை முன்னால் வருகிறது. அங்கே எலும்போடு ஒட்டிய ஒரு குருத்தெலும்பு வளையம். அதற்குள் தசைநாண் நுழைந்து, சட்டென்று பின்பக்கமாகத் திரும்பி, விழியின் மேற்புறத்தில் போய்ப் பதிகிறது. தசை இருப்பது பின்னால், இழுப்பதோ முன்னால் இருந்து. விழியின் பின்பாதி மேலே இழுபட, பார்வை கீழே இறங்குகிறது. இந்த ஒரே தசைக்காக மூளையிலிருந்து தனியாக ஒரு நரம்பு வருகிறது, நான்காம் கபால நரம்பு. மெல்லிசானது, வரும் வழியும் நீளம். தலையில் அடிபட்டால் சிலருக்கு இது பாதிக்கப்படும். அப்போது படி இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும் ஒன்று இரண்டாகத் தெரியும். அதைச் சமாளிக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பார்கள்.

அப்புறம் விரல்கள். முன்கையை மறுகையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே தசை அசைவது தெரியும். விரலுக்குள் தசையே கிடையாது, நாண் மட்டும்தான். கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலிலும் 5 வளையங்கள் அந்த நாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இரண்டாவதும் நான்காவதும்தான் முக்கியமானவை. பாறை ஏறுபவர்களுக்கு அந்த இரண்டாவது வளையம் அறுந்துபோவது தெரிந்த காயம். அறுந்தால், விரலை மடக்கும்போது நாண் வில்லின் நாண்போல எலும்பை விட்டு விலகித் தூக்கிக்கொள்ளும்.

முதல் வளையம் உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது தடித்து, நாணும் வீங்கினால், மடக்கிய விரல் அப்படியே சிக்கிக்கொள்ளும். நீட்டினால் ‘டக்’கென்று விடுபடும். இதுதான் ட்ரிகர் ஃபிங்கர். சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். ஓய்வு, ஊசி எதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த வளையத்தை வெட்டிவிடுவார்கள். மற்ற வளையங்கள் இருப்பதால் விரலின் வேலை கெடாது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே நிலையான கப்பிகள். திசையை மாற்றும், சுமையைப் பாதியாக்காது.

முழங்கால் சில்லையும் கப்பி என்பார்கள். எனக்கு அதில் அரைச் சம்மதம்தான். உராய்வில்லாத கப்பியில் கயிற்றின் இரண்டு பக்கமும் இழுவிசை சமமாக இருக்க வேண்டும், சில்லில் அப்படி இருப்பதில்லை. தொடைத் தசையின் நாணை மூட்டிலிருந்து முன்னால் தள்ளிவைத்து நெம்புகரத்தை, அதாவது மூட்டுக்கும் நாண் இழுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை, கூட்டுவதுதான் அதன் பெரிய வேலை. சில்லை எடுத்துவிட்டால் காலை நீட்டும் பலம் நன்றாகவே குறைந்துவிடும். அதனால்தான் அது உடைந்தாலும், முடிந்தவரை கம்பி வைத்துச் சேர்க்கத்தான் பார்ப்பார்கள்.