தும்மலுக்கு அஞ்ச வேண்டியதில்லை

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் பல ஆண்டுகளாகப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்து வருபவள் என்ற முறையில், நம் வீடுகளில் தாயும் மகளும்கூடப் பேசிக்கொள்ளத் தயங்கும் சிறுநீர்க் கசிவைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

தாராவியிலிருந்து முழங்கால் வலிக்காக வந்திருந்த ஓர் அம்மா, நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அதன் நுனியில்தான் உட்கார்ந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பி, "டாக்டரம்மா, தும்மினா சேலை நனைஞ்சிடுது, வயசானா இப்படித்தானாமே?" என்று கேட்டார். பத்து வருடமாக இருக்கிறதாம். வயதானால் இப்படித்தான் என்று யார் சொன்னார்களோ, அந்த ஒரு சொல் அவரைப் பத்து வருடம் வாய் திறக்கவிடவில்லை.

நம் இடுப்பின் அடிப்பகுதியில், முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போலத் தசைகள் விரிந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. நீண்ட நேரம் நீடித்த பிரசவத்திலும், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த பிரசவத்திலும் இந்தத் தூளி நைந்துபோகலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும், கர்ப்பத்தின் பாரத்தினாலேயே ஓரளவு தளர்வு ஏற்படுவதுண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் அப்பகுதியின் திசுக்கள் மெலிகின்றன. உடல் பருமன், ஆறாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, விடியற்காலையில் குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவது ஆகிய எல்லாமே அந்தத் தளர்ந்த தசையை மேலிருந்து அழுத்துகின்றன. தும்மும்போதும் சிரிக்கும்போதும் கசிவது இதனால்தான்.

இன்னொரு வகையும் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போதே அடக்க முடியாமல் போய்விடும். இதில் சிறுநீர்ப்பையின் தசை, பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்குகிறது. சிறுநீர்த் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, அடிக்கடி குடிக்கும் டீ, இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டலாம் அல்லது கூட்டலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்.

இந்த நகரத்துப் பெண்கள் செய்யும் ஒரு காரியம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கல்யாணிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் (சி.எஸ்.எம்.டி.) வரை ஒன்றரை மணி நேரம் ஓடும் லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது; தாராவியின் சந்துகளிலோ பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், இரவில் தனியே நடக்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துகிறது, தொற்று எளிதில் வருகிறது, மலமும் இறுகுகிறது. கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடத்தான் செய்யும். மற்ற நோய் காரணமாக மருத்துவர் அளவு சொல்லியிருந்தாலன்றி, ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையாவது, பகல் முழுதும் பிரித்துக் குடியுங்கள்.

இதற்கு முதல் மருந்து பயிற்சிதான். 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் விளக்கிய முறை இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல, தூளி போன்ற அந்த இடுப்படித் தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது; வயிறும் தொடையும் இறுகக் கூடாது; சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். ரயிலில் கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எடை மிகுந்தவர்கள் சிறிது குறைத்தாலும் பலன் உண்டு. உடல் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இவை போதாதவர்களுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். அந்தத் தாராவி அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்தார்: காலை 5 மணி, குடம் தூக்கியபோது, 11 மணி, இருமியபோது. நாளெல்லாம் ஐந்து டீயும் மூன்று டம்ளர் தண்ணீரும். எங்கே தொடங்குவது என்பதை அந்தத் தாளே எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டது.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கசிவோடு கால்கள் திடீரென மரத்துப்போனாலோ கணக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.