முதல் நாளே பட்டறைக்கு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கோவையில் பஸ் ஏறி "ஹோப்ஸ் ஒண்ணு கொடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறவர்கள் தினமும் எத்தனையோ பேர். அந்த ஸ்டாப்புக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1945-ல், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் ஜி.டி. நாயுடு. சில வருஷங்களில் கல்லூரி தடாகம் ரோட்டுக்கு இடம் மாறிப்போனது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். பெயர் மட்டும் அவினாசி ரோட்டிலேயே தங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டாப். அதன் பெயர் சிட்ரா. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் என்பதன் சுருக்கம். 1956-ல் தொடங்கியது.

வெளியூரிலிருந்து மாநாட்டுக்கு வருகிறவர்களைப் பட்டறை பார்க்க அழைத்துப் போகும்போது, பஸ் அந்தப் பக்கம் வந்ததும் இதைச் சொல்வேன். பஸ் ஸ்டாப்புக்குக்கூடத் தொழிற்கல்வியும் ஆராய்ச்சியும் பெயர் கொடுத்திருக்கிற ஊர் இது என்று தெரிந்ததும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்திலேயே மாநாட்டு விருந்தினர்களைத் தொழிற்கூடங்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் அழைத்துப் போகிற பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கொடிசியா வளாகத்திலும் கல்லூரி அரங்குகளிலும் வருஷம் முழுக்க மாநாடுகள் நடக்கின்றன. ஏதாவது ஒரு நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். மூன்று நாள் நிகழ்ச்சி என்றால், மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி இருக்கும்: தொழிற்சாலைப் பார்வை. அந்த நேரத்துக்குள் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பியிருப்பார்கள். மீதிப் பேர் பெட்டியோடு பஸ்ஸில் ஏறுவார்கள். கால் பட்டறையில் நிற்கும், மனசு ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும்.

அதை முதல் நாள் காலைக்கு மாற்றுங்கள். மாநாடு நடத்துகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இது ஒன்றுதான். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

திறன் பயிற்சி பற்றிய ஒரு மாநாடு. ஏற்பாட்டாளர்கள் என் பேச்சைக் கேட்டு முதல் நாள் காலையையே கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரோடு கணபதி பக்கம் ஒரு சின்ன பவுண்டரிக்குப் போனேன். பம்ப்செட் உறுப்புகள் வார்க்கிற இடம். தகர ஷெட், தரையெல்லாம் கறுப்பு மணல், ஓரமாக, மணலில் அச்சு எடுக்கிற மோல்டு பெட்டிகள் வரிசையாக. அங்கே மூத்த மோல்டர் ஒருவர். வந்தவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளினார், இறுக்கிப் பிடித்தார், விரல்களைத் திறந்தார். மணல் உருண்டை மேலே விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துப் பிட்டார். கொழுக்கட்டையைப் பிட்ட மாதிரி சுத்தமாக இரண்டாக வந்தது. ஓரம் உதிரவில்லை.

"இப்ப மணல் சரியா இருக்குதுங்க. தண்ணி கூடிப்போச்சுன்னா, இரும்பு ஊத்தறப்ப ஆவி அடிச்சு காஸ்டிங்ல ஓட்டை விழுந்துரும். கொறஞ்சுபோச்சுன்னா மோல்டு ஓரம் பேந்து உள்ள விழுந்துரும். ரெண்டுமே ரிஜெக்ட்தானுங்க" என்றார்.

விருந்தினர்களில் பாட்னாவிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர். அவர் கையிலும் மணலைக் கொடுத்தார் மோல்டர். பேராசிரியர் பிடித்தார், பிட்டார், பொலபொலவென்று கொட்டிவிட்டது. மறுபடியும் பிடித்தார். நாலாவது தடவை பாதி நின்றது. அதற்குள் பக்கத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னான். பேச்சுவழக்கைக் கேட்டதும் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊர் தம்பி?" என்று விசாரித்தால், அவருடைய சொந்த ஊருக்கு அடுத்த மாவட்டம்! ஆறு வருஷமாக இங்கே இருக்கிறானாம். இப்போது அவனே மோல்டு போடுகிறான். எங்கே கற்றுக்கொண்டாய் என்றதற்கு அந்த மூத்த மோல்டரைக் கை காட்டினான். சான்றிதழ் ஏதாவது வைத்திருக்கிறாயா என்றதற்குத் தலையை ஆட்டினான். இல்லை.

முறையாகப் படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்று அதற்குப் பெயர். அந்தப் பையன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அன்று மதியம் அரங்கில் பேராசிரியர் எழுதிக்கொண்டு வந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரு பையனைப் பற்றியே பேசினார். அடுத்த இரண்டு நாளும் யார் எந்தத் தலைப்பில் பேசினாலும் கேள்வி நேரத்தில் அந்தப் பையன் வந்துவிடுவான். "கணபதியில் பார்த்த தம்பிக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது?" இதே பயணத்தைக் கடைசி நாள் மதியம் வைத்திருந்தால் அந்தக் கேள்வி ரயிலில் ஊருக்குப் போயிருக்கும்.

பவுண்டரி என்றால் இரும்பு ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. நான் பார்த்த சின்ன பவுண்டரிகள் பலவற்றில் காலையில் மோல்டு போடுவார்கள், பிற்பகலில்தான் ஊற்று. நான் வேண்டுமென்றே காலையில் போகிறேன். ஊற்று நேரத்தில் தீப்பொறியைக் கண்டதும் எல்லோர் கையிலும் போன் வந்துவிடும். மோல்டரிடம் ஒருவரும் பேச மாட்டார்கள். அவருக்கும் அப்போது பேச நேரம் இருக்காது.

இன்னொரு பயணத்தையும் சொல்ல வேண்டும். நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நூற்பாலைக்கு நாற்பது பேரை ஒரே கூட்டமாக அழைத்துப் போனேன். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற ஷெட்டுக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும். அங்கே நின்றுகொண்டு அதிகாரி ஒருவர் இருபது நிமிஷம் விளக்கினார். முன்வரிசையில் இருந்த நாலு பேருக்குக் கேட்டிருந்தால் அதிகம். மற்றவர்கள் இரண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கிற சந்தில் நின்றார்கள்.

அந்தச் சந்துதான் சைடர் வேலை பார்க்கும் பெண் நடக்கிற வழி. ஒரு பிரேமில், நூல் சுற்றுகிற கதிர் ஆயிரத்துக்கு மேல்கூட இருக்கும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே போய், சுற்றுகிற கதிரை நிறுத்தி, நூல் முனையை இழுத்து, மேலே ரோலரில் வருகிற பஞ்சோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். கை பழகியவர்களுக்குக் கண் இமைக்கிற நேரம். ஆனால் நடக்க வழி வேண்டுமே! அந்த அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக முடியாமல் தவித்ததை நான் பார்த்தேன். அறுந்த நூல்கள் கூடிக்கொண்டே போயின. கிளம்பும்போது கேட் பக்கம் என்னிடம் வந்து, "நீங்க பார்த்துட்டுப் போயிருவீங்க சார். இந்த ஒரு மணி நேரத்துக்கு நான்தான் பதில் சொல்லோணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சிலவற்றைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டேன். ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. சத்தம் உள்ள ஷெட்டுக்குள் பேச்சே கூடாது. போவதற்கு முன்னால் மரத்தடியிலோ கேன்டீனிலோ வைத்து எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு உட்கார்ந்து கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மெஷினில் நிற்கிறவரே வர வேண்டும். அவர் இடத்தில் மாற்று ஆள் நிற்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் என்றால் அந்த நேரத்துக்கான கூலியை மாநாட்டுச் செலவில் கொடுக்க வேண்டும். அரங்கில் பேச வருகிறவருக்குப் பயணப்படி, பொன்னாடை எல்லாம் தருகிறோம். மெஷின் பக்கத்தில் நின்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறவரும் பேச்சாளர்தான். ஏற்பாட்டாளர்களிடம் இதைக் கேட்கும்போது ஆரம்பத்தில் யோசித்தார்கள். இப்போது பதிவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். பெரிய தொகையும் இல்லை.

அப்புறம் உடை. மூடிய ஷூ, தொங்காத துணி. சேலையோ துப்பட்டாவோ பின் குத்தியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் மாநாட்டு அடையாள அட்டையை பஸ்ஸிலேயே கழற்றி வாங்கிவிடுவேன். லேத் பக்கத்தில் அந்தக் கயிறு எவ்வளவு ஆபத்து என்று விருந்தினர்களுக்குத் தெரியாது. படம் எடுப்பதென்றால் முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, படத்தில் வருகிறவரிடமும் கேட்க வேண்டும்.

வந்தவர்கள் தவறாமல் கேட்பது, மில், பவுண்டரி, பம்ப், மோட்டார் எல்லாம் எப்படி இந்த ஒரே ஊரில் சேர்ந்தது என்று. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. மில் மெஷின் பழுதானால் சீமையிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை காத்திருக்க முடியுமா? பக்கத்திலேயே பட்டறைகள் முளைத்தன. சுற்றிலும் கிணற்றுப் பாசனம், தண்ணீரோ ஆழத்தில். அதனால் பம்புக்கும் மோட்டாருக்கும் தேவை இருந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பயிற்சியும் பட்டறையோடு ஒட்டியே வளர்ந்தது. 1926-ல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடமும், 1951-ல் வந்த அதன் தொழில்நுட்பக் கல்லூரியும் பீளமேட்டில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வகுப்பிலிருந்து எழுந்து போனால் நிஜப் பட்டறை.

நேரம் இருந்தால் ஆவாரம்பாளையம் பக்கம் கிரைண்டர் பட்டறை ஒன்றையும் காட்டுவேன். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஊத்துக்குளிக் கல்லைக் கொத்துகிற சத்தமும் சோதனை ஓட்டமும் வடக்கே இருந்து வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இட்லிக்குப் பின்னால் இவ்வளவு இன்ஜினியரிங் இருக்கிறதா என்பார்கள்.

பட்டறை முடிந்து மதியம் பயிற்சி நிலையம். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான், அதற்குப் பையன்களை எப்படித் தயார் செய்கிறோம் என்று கேட்கத் தோன்றும். காலையில் பார்த்த பட்டறையிலேயே வேலை செய்கிற என் பழைய மாணவர் யாரையாவது கூட அழைத்துக்கொள்வேன்.

ஒருமுறை அப்படிப் போனபோது, முதல் வருஷப் பையன் ஒருவன் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் சமமாக, மூலைக்கு மூலை நேர்கோணமாக வர வேண்டும். ஃபிட்டர் பிரிவில் எல்லோரும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். பையன் துண்டைக் கழற்றி, துணியால் துடைத்து, நேர்கோணம் சரிபார்க்கிற ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவில் மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையில் இருப்பவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "எத்தனை நாளா செய்யறே கண்ணு?" "நாலு நாளுங்கம்மா." "இன்னும் எவ்வளவு எடுக்கணும்?" பையன் வெளிச்சத்தைப் பார்த்தபடியே, "இந்த வெளிச்சம் போகிற வரைக்கும்ங்கம்மா" என்றான்.

அந்த அம்மா என் பழைய மாணவரிடம் திரும்பி நேராகவே கேட்டார். "உங்கள் கம்பெனியில் எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மெஷின். யாரும் அரம் போடுவதில்லை. இதை எதற்கு இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" நல்ல கேள்வி. பயிற்றுநர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. என் மாணவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் தப்பா ஓட்டுச்சுன்னா ஸ்கிரீன்ல நம்பர் வரும் மேடம். ஆனா ஜாப்பைக் கையில எடுத்ததும், இது சரியில்லைன்னு எனக்கு முதல்ல விரல்தான் சொல்லுது. அந்த விரல் இங்கதான் பழகுச்சு. ஆனா நாலு நாள் வேணுமான்னா, ரெண்டு நாள் போதும்னு சொல்வேன். மிச்ச ரெண்டு நாள் டிராயிங் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தா எனக்கு உதவியா இருந்திருக்கும்."

முப்பது வருஷம் அதே வைஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன் நான். என்னிடம் அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. வெளியாள் ஒருவர் வந்து கேட்டபோதுதான் சொன்னார். அங்கிருந்த இளம் பயிற்றுநர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு நாளா நாலு நாளா என்று பஸ் கிளம்புகிறவரை பேச்சு ஓடியது. பையன் மறுபடியும் துண்டை வைஸில் மாட்டிவிட்டான்.

வருகிற மாதமும் ஒரு குழு வருகிறது. முதல் நாள் காலை எட்டரை மணிக்கு பஸ். பவுண்டரியில் அந்த மூத்த மோல்டரிடம் பேசிவிட்டேன், அன்று அவருக்கு மாற்று ஆள் ஏற்பாடாகியிருக்கிறது. பாட்னாப் பேராசிரியர் கேட்ட பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்ட அந்தப் பையனும் இருப்பான். விருந்தினர்கள் எல்லோருக்கும் மூடிய ஷூவில் வரச் சொல்லித் தகவல் அனுப்பியாகிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டு வந்தால் மடித்துவிட்டுக்கொள்ளட்டும். மணலைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.