வெட்டு படிவத்தில் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நமக்குத்தான் கம்பெனி காப்பீடு இருக்கிறதே" என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் இதற்கு மெடி-கால் என்று பெயர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர். ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால், அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கே அது மெடிகெய்டு என்று தெரிவதில்லை.

நான் சனிக்கிழமைகளில் ஒரு கிளினிக்கில் விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். வேலை போன ஐடி தம்பி, இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக வருவார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்த அம்மாக்கள் வருவார்கள். மளிகைக் கடையில் நிற்கும் அக்கா ஒருவரும் வருவார். அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட, மெடிகெய்டை வெட்டும் சட்டம், செனட்டில் 50-50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் ஒரு ஓட்டில் தப்பியது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் சுமார் 1 கோடிப் பேர் கூடுவார்கள் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே போட்ட கணக்கு. அட்டையை யாரும் வந்து பிடுங்கப் போவதில்லை. வேலையைப் படிவம் பார்த்துக்கொள்ளும். 2010-இன் ஒபாமாகேர் சட்டம் செய்த மெடிகெய்டு விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயதுக்காரர்கள், 2027 ஜனவரி முதல் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இருந்த தகுதிச் சோதனையும் அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது.

"வேலை செய்யட்டுமே, என்ன தப்பு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆர்கன்சாவில் 2018-இல் இதைச் செய்து பார்த்தார்கள். முதல் சில மாதங்கள் இணையத்தில் மட்டும்தான் கணக்குக் காட்ட முடியும். அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 7-க்குத்தான் திறக்கும். இணையத்துக்குக் கடை அடைப்பு நேரம்! நீதிமன்றம் நிறுத்துவதற்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். பின்னால் ஆராய்ந்தபோது, இந்த விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று தெரிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை.

இப்போது அந்த அக்காவைப் பாருங்கள். ஒரு வாரம் 30 மணி நேரம், மறுவாரம் 12. கூட்டம் இல்லையென்றால் "நாளைக்கு வரவேண்டாம்" என்பார் முதலாளி. மாதம் 78 மணி நேரம் வந்தால் அவர் சோம்பேறியா?

சட்டம் வந்துவிட்டதே, இனிமேல் பேசி என்ன ஆகும் என்கிறீர்களா? ஆதரித்து ஓட்டுப் போட்ட மிசூரி செனட்டர் ஜாஷ் ஹாலியே, இரண்டே வாரத்தில் மெடிகெய்டு வெட்டுகளில் சிலவற்றை நீக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருக்கு அப்படி ஒரு அவசரம். ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டால் ஓட்டு மாறும் என்று 2017-இலும் பார்த்தோம். மெடிகெய்டு வெட்டை எதிர்த்துச் சக்கர நாற்காலிகளில் வந்தவர்களைக் காவலர்கள் செனட் அலுவலகக் கட்டடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே செனட்டில் மக்கெய்ன், காலின்ஸ், மர்கோவ்ஸ்கி ஆகிய மூவரும் ஒபாமாகேரை நீக்க வந்த சொந்தக் கட்சியின் மசோதாவையே தோற்கடித்தார்கள்.

அதனால் உங்கள் தொகுதி உறுப்பினரையும் இரண்டு செனட்டர்களையும் கூப்பிடுங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் கூப்பிடலாம், நீங்களும் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர்தான். ஜிப் கோடு கேட்பார்கள், பயந்துவிடாதீர்கள், தொகுதிக்காரரா என்று பார்க்கத்தான். "80 மணி நேர விதியையும் ஆறு மாதச் சோதனையையும் நீக்க ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லுங்கள், ஒரு நிமிடம் போதும். மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் வேறு கேள்வி: சம்பளப் பதிவு அரசிடமே இருக்கும்போது எங்களிடம் ஏன் காகிதம் கேட்கிறீர்கள்?

யாரும் எடுக்காமல் வாய்ஸ்மெயில் வந்தால் வைத்துவிடாதீர்கள். பெயரையும் ஊரையும் நிதானமாகச் சொல்லுங்கள். நம் பெயர்களை அவர்கள் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும்.